பட்டியல்

பென்சில்வேனியா தலைநகரிலிருந்து வந்தவர்
மூன்று நாள் எண்ணினார்.
ஆலை சேரும்.
சக்கரத்தில் பாதிப் பலகை இல்லை,
ஆனாலும் சேரும்.
தேவாலயம் சேரும்,
அதன் பின்னால் சாய்ந்த கல்லறைக் கற்களும்
ஓடைமேல் பாலமும்
எவரோ குதிரை கட்டிய இரும்பு வளையமும்கூட.

டெல்ஃபின் க்ரெப்ஸின் தகர வீடு மட்டும்
'வரலாற்றுக்குப் பங்களிக்காதது.'
அப்படித்தான் தட்டச்சாகியிருந்தது.
இருமுறை படித்தாள்.
தாளைப் பூனையின் தட்டுக்கு அடியில் விரித்தாள்.

ஞாயிறு காலை
தோளெல்லாம் பனியோடு கதவைத் தட்டுகிறார்
இந்த மாதத்துப் பாதிரியார்.
ஆலை பார்க்க வந்த இருவர்
காரை விட்டு இறங்கவில்லை.

இரண்டு சாவியும்
அவள் அடுப்புக்கு மேலே ஒரே ஆணியில்,
பன்றிக்கொழுப்புப் பிசுக்கேறி.

துடைக்காமலே நீட்டுகிறாள்:
"தேவாலயப் பூட்டு முரண்டு பிடிக்கும்.
கதவை முழங்காலால் கொஞ்சம் தூக்குங்கள்.
பிறகு திருப்புங்கள்."