துளை எண் பதினான்கு

மேல வெளி வீதியில்
ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் எங்களுக்கு அனுமதி.
ஜங்ஷனுக்கு எதிரே நான்கு தகரத் தடுப்பு,
மூன்று காலை விரித்து நிற்கும் இரும்புக் கோபுரம்,
இருமுகிற டீசல் என்ஜின்,
கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலியில்
பதிவேட்டோடு நான்.

வேலை இதுதான்.
அறுபத்து மூன்றரைக் கிலோ சுத்தியலைத்
தூக்கித் தூக்கி விழ விடுவது.
ஓர் அடி இறங்கக்
குழாய் எத்தனை அடி வாங்குகிறது என்று எழுதுவது.
ஒரிசாவிலிருந்து வந்த பிகாஷ் தமிழில் எண்ணுவான்.
ஐம்பது வரைக்கும்தான் தெரியும்.
அது போதும்.
ஐம்பது வாங்கியும் அசையாவிட்டால் பாறை என்று பொருள்.

இன்னும் வராத ஸ்டேஷனுக்கு
இப்போதே கூட்டம்.
சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிவந்த ஒருவர்
தடுப்புக்குள் தலையை நுழைத்து
நாகர்கோவில் வண்டி எத்தனாவது பிளாட்பாரம் என்கிறார்.
தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு
கழிப்பறை எங்கே என்று கேட்கிறாள் ஒருத்தி.
காஜா மைதீனோ சவாரிக்காரரிடம்
"மெட்ரோகிட்ட எறக்கி விட்டுர்றேன்" என்று
துணிந்து பேரம் முடிக்கிறார்.
அந்த மெட்ரோ என் கையில்
ஈரக் களிமண்ணாக இருக்கிறது.

தார்.
தாருக்குக் கீழே பழைய தார்.
அப்புறம் ஜல்லி, செங்கல் பொடி, பாதி வளையல்,
ஒரு சோடாக் கோலி.
மூன்று மீட்டரில் கறுப்பு மண், வீச்சம்.
நாலரையில் தண்ணீர்.
ஆற்றில் ஆடு மேய்கிற பங்குனியிலும்
இங்கே தண்ணீர் இருக்கிறது,
எழுதிக்கொண்டேன்.
ஏழில் சுக்காம்பாறை.

தடுப்பை ஒட்டினாற்போல ஒச்சம்மா அக்காவின் இட்லி வண்டி.
கடைசி பஸ்ஸுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவே
போர்ட்டர், போலீஸ், பூ இறக்குகிறவர்கள்,
நானும் பிகாஷும்.
அந்த இடம் என் பைக்குள்ளும் இருந்தது,
நாலாக மடித்த வரைபடத்தில்:
வாயில் மூன்று, இறங்குபடி.

"என் வண்டிக்குக் கீழ என்னய்யா இருக்கு?"
"தண்ணிக்கா. அதுக்கும் கீழ பாறை."
"பாறையா? அப்ப நல்லதுதான், அசையாது."
கரண்டியைத் தட்டிவிட்டு மறுபடி,
"படி எங்கிட்டு வருது?
படிக்குப் பக்கமா நின்டா யாவாரம் நல்லா ஓடும்ல?"
வாய் நிறைய இட்லியை வைத்துக்கொண்டு
இன்னும் முடிவாகலக்கா என்றேன்.
காரச் சட்னி
அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே எரிந்தது.

இரண்டரைக்கு ஒன்பதாம் மீட்டர்.
பிகாஷ் ஐம்பது என்று கத்தினான்.
குழாயை மாற்றி அறுத்து எடுத்தால்
முழங்கை நீளத்துக்கு உருளைக் கல்,
சாம்பல் உடம்பில் மாதுளை முத்துப் போலச் சிவப்புப் புள்ளிகள்,
ஒரு முனையில் சாணளவு உடைந்து தனியாக.
இதுவரை யாரும் பார்க்காத கல்.
அக்கா அந்தத் துண்டை வாங்கி எடை பார்த்தாள்,
குனிந்து சக்கரத்தைக் காட்டினாள்.
முட்டுக்கொடுத்த செங்கல் கரைந்து போயிருந்தது.
பஸ் போகும்போதெல்லாம் வண்டி
சாக்கடைப் பக்கம் நகர்கிறது.

விரற்கடை கல்லும் பெட்டிக்குள் போக வேண்டும்,
ஆழம் எழுதி, எண் போட்டு.
நான் பிகாஷைப் பார்த்தேன்.
பிகாஷ் என்ஜினைப் பார்த்தான்.

காலையில் இன்ஜினியர் ஏகாம்பரம்
பெட்டியின் இடைவெளியில் விரலை வைத்தார்.
பதிவேட்டில் என் கையெழுத்து:
ஒன்பது முதல் ஒன்பதேகால் வரை
மாதிரி மீளவில்லை.
"உடைஞ்சிருக்கும் சார்."
ஒரு நொடி பார்த்துவிட்டுச் சுழித்துப் போட்டார்.

அதற்குள் சென்னை வண்டி வந்து
வாசல் முழுக்கத் தலைகள்.
ஒரு பஸ் திரும்ப, ரோடு அதிர்ந்தது,
தட்டுகள் கிணுங்கின,
வண்டி நின்ற இடத்தில் நின்றது.

பதினைந்தாம் துளை சிம்மக்கல்லில்.
கோபுரத்தைக் கழற்ற ஆள் வந்தாயிற்று.
நாலு நாள் இட்லிக் கணக்கு பாக்கி.
அக்கா கேட்கவில்லை.