பெட்டி மாறிய மாதம்

மார்ச்சில் பெட்டி மாறியது.
நீலம் போய் வெள்ளை.
மேலே வாயில் நுழையாத ஒரு பெயர்.
கிளினிக் கவுண்டருக்குப் பின்னாலிருந்து நூருல்,
"சாமா சாஜா, காக். உள்ளே இருப்பது ஒன்றேதான்"
என்றபடி அடுத்த எண்ணை அழுத்தினாள்.

ஒன்றேதான்.
பாயான் லெப்பாஸில் ராத்திரி ஷிப்ட் முடிந்து
ஏழு மணி பஸ்ஸில் ஏறி,
பாலத்தருகே வெயில் கண்ணைக் குத்தும்போது
வெறும் வயிற்றில் விழுங்குகிற
அரிசிக் குருணை.
அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கோப்பி கூடாது.
பதினோரு வருஷம்.
மெஷினுக்குப் பயந்து தாலியைக் கழற்றி வைத்ததுண்டு,
இதை விட்டதில்லை.

மூன்றாம் வாரம்
குளியலறைச் சல்லடையில் கைப்பிடி முடி.
பஸ்ஸில் எல்லாரும் விசிறிக்கொள்ள
நான் மட்டும் ஸ்வெட்டருக்குள்.
ஜெலுத்தோங் சந்தையில்
கெம்போங் மீன் விலை கேட்கப் போய் அழுதுவிட்டேன்.
மீன்காரர் பயந்து ஐம்பது காசு குறைத்தார்.

"எல்லாம் மனசு" என்றார் வீட்டுக்காரர்.
மனசுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று கேட்டேன்.

நாற்பத்து மூன்று ரிங்கிட் கொடுத்து
கோ மருந்தகத்தில் பழைய நீலத்தை வாங்கினேன்.
பத்து நாள் நன்றாயிருந்தது,
அல்லது
கொடுத்த காசுக்கு நன்றாயிருந்தேன்.
கை கடித்தபோது வெள்ளை.
ஓவர்டைம் வந்ததும் நீலம்.

டாக்டர் ஷியாமளா ரத்தக் கணக்கைப் பார்த்தார்.
ஏழு புள்ளி இரண்டு.
"எதுவானாலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், புனிதமலர்.
இப்படித் தாவிக்கொண்டிருந்தால்
எந்த மாத்திரையை நான் குற்றம் சொல்வது?"

தலையாட்டினேன்.
ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
அதே மார்ச்சில்தான் லைன் மூன்றில் ஆள் குறைத்தார்கள்.
இரண்டு பேர் வேலையை ஒருத்தியாய் இழுத்து,
கண் சொக்கி,
அந்த ஒரு மணி நேரம் பொறுக்காமல்
கேண்டீனிலேயே பால் கோப்பியோடு
விழுங்கிய காலைகள்.
எத்தனை என்று எண்ணவில்லை.
வெள்ளைப் பெட்டி பாவம்,
அதற்கும் வாயில்லை.

வெள்ளையே போதும் என்று எழுதி வாங்கினேன்.
பெட்டி மேல் பேனாவால் தேதி.
ஆறு வாரம் கழித்து மறுபடி ஊசி.

இன்றைக்கு விழுங்கியாயிற்று.
மணி ஏழு நாற்பது.
பக்கத்து இருக்கையில் ரோஸ்லிண்டா
பிளாஸ்டிக் பையில் தொங்கும் கோப்பியை
ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறாள்.
நான் ஜன்னலை மூடிவிட்டு
அவள் பக்கமாகக் கொஞ்சம் சாய்கிறேன்.
வாசனைக்கு டாக்டர்
தடை ஏதும் சொல்லவில்லை.