பாதி வரை எழும் தடுப்பு

தாத்தா பாட்டி வாரம் என்று
பெரிய டீச்சர் வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டுப் போனார்.
மற்றதெல்லாம் என் வேலை:
பன்னிரண்டு கத்தரிக்கோல், நாலு புட்டிப் பசை,
இருபத்து மூன்று பிள்ளைகள்,
ஆயர் ஈத்தாம் கடைவீட்டு மாடி,
ஒரே ஒரு மின்விசிறி.

யாஷ்வினி மக்ரோனி கோத்தாள்.
பாதியை வேகாமலே தின்றாள்,
மாலை வளையலாகிப் போனது.
லெவினேஷ் உள்ளங்கையில் பச்சைச் சாயம் பூசி
அட்டையில் அழுத்தினேன்.
கூச்சத்தில் கையை இழுத்தான்,
ஆறு விரலாகப் பதிந்தது.
"பாட்டி எண்ண மாட்டாங்க" என்றான்.

தர்வேஷ் மட்டும் பூ வேண்டாம் என்றான்.
மாதிரிக்கு நான் செய்து வைத்த ரோஜாவை
ஓரமாகத் தள்ளிவிட்டு
ஐஸ்கிரீம் குச்சி கேட்டான்.
எத்தனை?
எல்லாம்.

மூன்று நாள் ஆனது.
மைலோ டின்னில் ஒரு துளை,
துளையில் ஒட்டி ஒட்டி நீட்டிய குச்சிகள்,
சிவப்பு, வெள்ளை, சிவப்பு,
வெள்ளை தீர்ந்துபோன இடத்தில் வெறும் மரம்.
நூலை இழுத்தால் எழ வேண்டும்.
எழுந்தது, பாதி வரை.
அதற்கு மேல் யோசித்தது.

வியாழக்கிழமை பன்னிரண்டரைக்கு
கொடிமலையிலிருந்து மழை இறங்கும் நேரம்
தாத்தா வந்தார்.
தஞ்சோங் தொக்கோங் கொண்டோவில் ஜாகா.
மூன்று மணி ஷிப்டுக்கு
இப்போதே சீருடை போட்டாகிவிட்டது.
பிள்ளைகள் நாற்காலியில்
முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்தார்.

அழகாயிருக்கு என்று அவர் சொல்லவில்லை.
நூலை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார்.
"வால் பக்கம் கனம் பத்தல" என்று
பையிலிருந்து இருபது காசு எடுத்து
பசை வைத்து ஒட்டினார்.
தடுப்பு விறைப்பாக எழுந்து
மின்விசிறியைப் பார்த்தது.

தர்வேஷுக்கு மூக்கு நுனி சிவந்தது.
"கை வைக்காதீங்க. அது இன்னும் என்னுது.
நான் இன்னும் குடுக்கவே இல்ல."
காசைப் பிய்த்துப் போட்டான்.
தடுப்பு சரிந்து பழைய இடத்தில் நின்றது.
"வெளிய போயிட்டு வாங்க தாத்தா."

போனார்.
செருப்பு அலமாரி பக்கத்தில், தோளில் சாரல் அடிக்க,
மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.
பிறகு வந்தார், புதிதாக வருபவர் போல.

"எந்த வீடு?"
"இந்த வீடுதாங்க."
"யாரைப் பாக்கணும்?"
"தர்வேஷ்னு ஒருத்தர்."
"இருக்காரான்னு கேக்கணும்."
மூடிய கையைக் காதில் வைத்து
வெகுநேரம் கேட்டான்.
அவரும் வெகுநேரம் நின்றார்.
"இருக்காராம். ஐசி குடுங்க. போறப்ப தரேன்."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.

நூல் இழுபட்டது. பாதி எழுந்தது.
அவர் தரையில் மண்டியிட்டு
இரண்டு விரலைக் கால்களாக்கி
அதன் கீழே நடந்து வந்தார்.
விரல்களும் கொஞ்சம் குனிந்தன.

"இப்ப உங்களுது" என்றான் தர்வேஷ்.

மழைக்கோட்டு ஒன்றுதான் இருந்தது.
அதை மைலோ டின்னுக்குச் சுற்றி
மோட்டார் கூடையில் வைத்தார்.
மழை விட்ட பிறகுதான் புறப்பட்டார்கள்,
ஆனாலும் கோட்டைக் கழற்றவில்லை.

மாலையில் மேசையைச் சுரண்டினேன்.
காய்ந்த பசை, பச்சைக் கட்டைவிரல் ஒன்று, இருபது காசு,
மிஞ்சிய குச்சிகளுக்கு அடியில் அந்த அட்டை.
வேலாயுதன் த/பெ சின்னக்கண்ணு.
படத்தில் மீசை கருப்பு.
யாருக்கும் இன்னும் சல்யூட் வைக்காத முகம்.

பதறிப்போய்ப் போன் போட்டேன்.
பின்னால் ஏதோ ஒரு கார் உறுமிக்கொண்டிருந்தது.
"உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர்,
நான்தான் இன்னும் வெளிய வரலையே"
என்றார்.
ஹாரன் அடித்தது.
"தோ, தோ" என்று போனை வைத்தார்.