உள்ளே எத்தனை பேர்

டேங்க் வாசலில் நிற்பதுதான் என் வேலை.
ஹோல் வாட்ச் என்று முதுகில் எழுதியிருக்கும்.
உள்ளே போகிறவன் அட்டையைக் கழற்றித் தருவான்,
பலகையில் மாட்டுவேன்.
வெளியே வந்தால் வாங்கிக்கொள்வான்.
பலகையில் அட்டை இருந்தால்
உள்ளே ஆள் இருக்கிறது.
இவ்வளவுதான் கணக்கு.
சோஹார் துறைமுகத்துப் பக்கம் ஆறு வருஷம்
இந்தக் கணக்கில் நான் பிசகியதில்லை.

அன்றைக்கும் பிசகவில்லை.
நான்கு அட்டை. மூன்று பேர் வந்தார்கள்.
நாலாவதில் ராம்பிரவேஷ்
சிரிக்காமல் போட்டோவில் இருந்தான்.
பேரிலேயே பிரவேசம் வைத்திருந்தவன்.
விசில் ஊதினேன். கயிற்றை இழுத்தேன்.
வாசல்காரன் உள்ளே போகக் கூடாது என்பது சட்டம்.
போகவில்லை.

விசாரணையில்
சரியாகச் செய்தாய் என்று எழுதிக் கொடுத்தார்கள்.
பாஸ்போர்ட் ஜெராக்ஸோடு மடித்து வைத்திருக்கிறேன்.
தவறு செய்திருந்தால்
திட்டித் தீர்த்துக்கொள்ள ஒருவனாவது கிடைத்திருப்பான்.

அப்புறம் எண்ண ஆரம்பித்தேன்.
கேம்ப் பஸ்ஸில் ஏறியவர், இறங்கியவர்.
வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் படியில் கழற்றிய செருப்புகள்.
தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகும்
ஒரு ஜோடி மிச்சம்.
இமாமுடையதாக இருக்கலாம்.
இருட்டும்வரை எதிர்ச் சுவரோரம் நின்றேன்.

வீடியோ காலில் மாரிச்செல்வி
“பாப்பா உள்ள தூங்குது” என்றாள்.
உள்ள என்ற ஒரு சொல்லுக்கு
கை சட்டைப் பையில் விசிலைத் துழாவியது.
தூக்கி வா, வெளியே கொண்டுவந்து காட்டு என்று கத்தினேன்.
காட்டினாள்.
தூக்கம் கலைந்து வீறிட்டது.
அழுகிறது, அப்படியானால் மூச்சு இருக்கிறது
என்று இங்கே நான் ஆசுவாசப்பட்டேன்.
மாரிச்செல்வி இரண்டு நாள் போன் எடுக்கவில்லை.

ஞாபகம் வருகிறதா என்று கேட்கிறார்கள்.
ஞாபகம் என்றால்
பழசு என்று நமக்குத் தெரியும்.
இது பழசாவதில்லை.
மெஸ்ஸில் அவித்த முட்டையை உரிக்கிறான் ஒருவன்,
அந்த வாடைக்கு
காலை ஐந்தே காலுக்கு, தட்டும் கையுமாக,
நான் மறுபடி வாசலில் நிற்கிறேன்.
கயிறு கனக்கிறது.

கிளினிக்கில் லிசி சிஸ்டர் சொன்னார்:
அப்படி வரும்போது
கண்ணில் படுகிற ஐந்து பொருளை எண்ணு,
தொட்டு நாலு, காதால் மூன்று.
சிரித்துவிட்டேன்.
எண்ணுவதுதான் சிஸ்டர் எனக்கு நோயே.
உடனே பதில் சொல்லாமல் யோசித்தார்,
அது எனக்குப் பிடித்திருந்தது.
“ஆளுகளெ எண்ணண்டா.
சாமானெ எண்ணு.”
மஸ்கட் டாக்டருக்குச் சீட்டும் எழுதினார்.
இதற்குப் பேர் இருக்கிறது என்றார் அந்த டாக்டர்,
உனக்கு மட்டும் வந்ததல்ல என்றார்.
ராத்திரிக்கு ஒரு மாத்திரை.
சில ராத்திரி கேட்கிறது.

பக்கெட். கப். கயிற்றில் லுங்கி.
சுவிட்சில் ஒட்டிய ஸ்டிக்கர். எறும்பு…
எறும்பு சாமானா, ஆளா?
இந்தச் சந்தேகத்திலேயே ஒருமுறை
மூச்சு தன்னால் இறங்கிவிட்டது.

மொனிருலுக்கு நான் எதுவும் சொல்லியதில்லை.
ஒரு ராத்திரி குளியலறைக் கதவை நான் உடைக்கப் போக
சோப்பு நுரையோடு வந்து நின்றான்,
கோபப்படவில்லை.
மறுநாளிலிருந்து உள்ளேயிருந்து பக்கெட்டைத் தட்டுவான்,
டொக், டொக்.
தண்ணீர்ச் சத்தத்தில் சில நேரம் கேட்காது.
அதையும் எப்படியோ கண்டுபிடித்தான்.
இப்போது குளிக்கப் போகுமுன்
தன் ரெசிடென்ட் கார்டை
என் தலையணை மேல் வைத்துவிட்டுப் போகிறான்.
வந்து, தலை துவட்டி, எடுத்துக்கொள்கிறான்.
அவனுக்குத் தமிழ் தெரியாது.
என் வங்காளம் விலை கேட்பதோடு சரி.

நேற்று விழித்தபோது தலையணை மேல் கார்டு இல்லை.
தடவினேன், மெத்தைக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே.
குளியலறை விளக்கு அணைந்திருந்தது.
மணி மூன்று.
அவன் எடுக்கும்போது நான் தூங்கியிருக்கிறேன்.
மேல் கட்டிலில் குறட்டை.
அதை மட்டும் எண்ணினேன்,
பதினேழோ பதினெட்டோ வரை.