சாரதிப் பக்கக் கதவு

பொரளையில் ஏறினாள்.
இரவு பத்தே முக்கால். வெள்ளைச் சப்பாத்து.
மடியில் சாப்பாட்டு டப்பா, காலியாக இருக்க வேண்டும்,
உள்ளே கரண்டி உருண்டுகொண்டு வந்தது.

மருதானைக்கு முந்திய குழியில் சில்லு விழ
நாலு கதவும் ஒரே மூச்சில்
டக்.

நான் எதையும் தொடவில்லை.
இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.
அவள் என் கையைப் பார்க்கவில்லை,
பிடரியைப் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்தது.
கரண்டி உருளுவது நின்றது.

கதவில பிழை, மிஸ் என்றேன் தமிழில்.
பிறகு எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.
இரண்டு மொழியிலும் அது
பூட்டினவன் சொல்லுகிற வசனமாகவே வந்தது.

பஞ்சிகாவத்தைச் சந்தியில் இறக்கச் சொன்னாள்,
கொட்டாஞ்சேனைக்கு இன்னும் தூரம் கிடக்க.
பொத்தானை அமத்தினேன். இரண்டாம் தரம்தான் திறந்தது.
அந்த இரண்டு தரத்துக்கும் நடுவே
ஒரு விநாடி என்பேன் நான்.
அவளிடம் கேட்க வேண்டும்.

காலையில் கம்பனியிலிருந்து அழைப்பு.
பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டது:
"ஏன் அண்ணா பூட்டினீங்க?"
ஒரு கிழமைக்குக் கணக்கு நிறுத்தம்.

பியூஸைக் கழற்றி வெயிலுக்குப் பிடித்தேன்.
பதினைந்து அம்பியர், நரம்பு முழுசு.
ரிமோட்டுக்குப் புதுப் பற்றரி.
பிறகு ரிமோட்டையே பால்மாப் பேணிக்குள் போட்டு மூடி
நாலாம் மாடிக்குக் கொண்டுபோய் வைத்தேன்,
யாரோ அமத்துகிறார்களோ என்று.
கீழே தரிப்பிடத்தில் தம்பி கதவைச் சாத்த
கார் தன்பாட்டில் டக் என்றது.
பின் இடது கதவின் அட்டையை உரித்து
மோட்டரை மாற்றினேன், யப்பான் சாமான்,
மூவாயிரத்து ஐந்நூறு.
கிளிப் மூன்று முறிந்தது. பிழை முறியவில்லை.

மாளிகாவத்தை ஸப்வான் ஒன்றையும் கழற்றவில்லை.
பிளேன்ரியைக் குடித்து முடித்தான்.
"நாலும் ஒண்டாப் பூட்டுதெண்டா
நாலுலயும் பிழையில்ல.
சொல்றவன்ட வாயில பிழை."

என் கதவை மெல்லத் திறந்தான்.
ஒரு சாண் அகலத்தில் டக்.
திரும்பச் சாத்த, அதே சாணில், டக்.
சிரித்தான்.

கதவுக்கும் தூணுக்கும் இடையில்
மடிப்பு மடிப்பாய் ஒரு ரப்பர்க் குழாய்.
அதைப் பிதுக்கி எடுத்தால் உள்ளே பதினொரு வயர்.
பச்சையில் வெள்ளைக் கோடு போட்டது ஒன்று,
தோல் முழுசு, கீறல்கூட இல்லை;
விரலால் இழுக்க ரப்பர்பாண்ட் போல நீண்டது.
உள்ளே செம்பு இல்லை.
இருபது வருசம் நான் ஏறி இறங்கி,
எனக்கு முந்தியவன் ஏறி இறங்கி,
ஒரே இடத்தில் மடிந்து மடிந்து அறுந்திருக்கிறது.
அறுந்த முனைகள் குழியில் விழும்போது மட்டும்
ஒன்றையொன்று முட்டி
பூட்டு என்று சொல்லியிருக்கின்றன.

பற்றரியின் மைனஸைக் கழற்றச் சொன்னான்.
வெட்டினான். இரண்டு அங்குலம் கூடவே வைத்து ஒட்டினான்.
"இழுவையில நிண்டா திரும்ப அறும். தளர்வு வேணும்."
ஈயப் புகை. லைட்டர் சூட்டில் சுருங்கிய கறுப்பு உறை.
பக்கத்து இரண்டு வயருக்கும் இதே வயசு என்று
அவற்றையும் மாற்றினான். கேட்டது இரண்டாயிரம்.

அறுந்த துண்டைக் கேட்டு வாங்கினேன்.
படமெடுத்துக் கம்பனிக்கு அனுப்பினேன்.
உங்கள் தகவல் கிடைத்தது என்று மெசின் பதில் போட்டது.
அவளுக்கு யார் காட்டுவது?
காட்டினாலும்தான் என்ன,
ஒரு ஆம்பிளை
ஒரு விரல் நீள வயரை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

துண்டு டாஷ்போர்டில் கிடக்கிறது,
சில்லறைக் காசோடு.

நேற்று மழை. கொள்ளுப்பிட்டியில் ஒருத்தி ஏறினாள்,
அக்காவோடு போனில் சண்டை, ஏதோ கலியாணப் படம் பற்றி.
அதே குழி. சில்லு விழுந்தது.
ஒன்றும் பூட்டவில்லை.
அது எனக்கு மட்டும் கேட்டது.

சிக்னலில் ஒரு மோட்டார்சைக்கிள் கண்ணாடியோடு ஒட்டி நின்றபோது
பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டித்
தன் பக்கக் கதவைத் தானே அமத்தினாள்.
சின்னச் சத்தம்.

நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.