பிஸ்கட் இட்ட முட்டை

மூன்று மாதச் சர்க்கரை எட்டு புள்ளி நாலு.
டூங்காபியில் புதிதாக வந்த டாக்டர்
கணினியைப் பார்த்தபடியே கேட்டார்:
"சோறு எவ்வளவு சாப்பிடுவீர்கள்?"
ஒரு கையைக் குவித்துக் காட்டினேன்.
பொய்.
இரண்டு கையையும் குவித்திருக்க வேண்டும்.

சோறு போனது. இட்லி போனது.
உருளைக்கிழங்கு சொல்லாமலே விடைபெற்றது.
பருப்பைக்கூட அளந்து போடு என்றார்கள்.
காலிஃபிளவரைத் துருவி
சோறு என்று நம்பச் சொன்ன தாளை
மெய்கண்டன் ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தார்.
மூன்றாவது வாரம்
பனீரைப் பார்த்தாலே
பள்ளிக்கூட ரப்பர் ஞாபகம் வந்தது.

"முட்டை?" என்றாள் உணவு ஆலோசகர் ஃபியோனா.
"நான் சைவம்."
"என்னிடம் வரும் சைவக்காரர்கள் பலர் சாப்பிடுகிறார்களே."
அவள் சைவத்துக்கும் என் சைவத்துக்கும் நடுவில்
ஓர் ஓடு இருந்தது.
மெல்லியதுதான்.

நாற்பத்தொன்பது வருடம்
கேக் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படித்தவள் நான்.
அலுவலகப் பிறந்தநாள்களில்
மெழுகுவர்த்தியை மட்டும் வாழ்த்தியவள்.

கடையில் ஒரு டஜன் எடுத்தேன்.
எல்லோரும் மூடியைத் திறந்து பார்க்கிறார்கள்;
நானும் திறந்தேன்,
எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல்.
பன்னிரண்டும் என்னைப் பார்த்தன.

சமையலறைக்குள் வரக்கூடாது என்று
வீட்டில் யாரும் சொல்லவில்லை.
அடுப்புதான் சொன்னது.
ஆகவே கொல்லைப்புற பார்பிக்யூ,
முன்பு குடியிருந்தவர் விட்டுப்போனது,
கத்திரிக்காய் சுட மட்டும் நாங்கள் வைத்திருந்தது.
அதன்மேல் ஒரு தனிச் சட்டி.
முதலாவதை உடைத்தேன், பாதி ஓடு உள்ளே விழுந்தது.
மிளகு போட்டேன். இன்னும் போட்டேன்.
கண்ணை மூடி விழுங்கினேன்;
மிளகுதான் ருசித்தது.
ஆபத்து மறுநாள் வந்தது:
பசித்தது,
முட்டைக்கு.

பக்கத்து வீட்டு க்ளெனிஸுக்கு வாசனை எட்டியிருக்கும்.
வேலிக்கு மேலே அவள் தலை.
"பெர்த்துக்குப் போகிறேன், பத்து நாள்.
கோழிகளைப் பார்த்துக்கொள்வாயா?
முட்டையெல்லாம் உனக்கே."
நான்கு கோழி. சேவல் கிடையாது.
சேவல் இல்லாத முட்டையில் உயிர் இல்லை என்று
மெய்கண்டன் எனக்காக வக்கீல்போல் வாதாடுவார்.
தான் மட்டும் தொடமாட்டார்.
செம்பழுப்புக் கோழியின் பெயர் பிஸ்கட்.
எனக்கு விலக்கானவற்றின் பட்டியலில்
மூன்றாவது அது.

ஆகஸ்ட் காலை, புல்லில் வெள்ளையாய்க் குளிர்.
வைக்கோலுக்குள் கை விட்டேன்.
சூடு.
காய்ச்சல் குழந்தையின் நெற்றிபோல் என்று எழுத வந்தேன்.
இல்லை. முட்டைச் சூடு.
வேறெதைப் போலவும் இல்லை.
பிஸ்கட் தலையைச் சாய்த்து
ஒரு கண்ணால் என்னை அளந்தது.
"கொக்" என்றது, ஒரே தடவை.
புகாரா, கணக்கா, தெரியவில்லை.

கடையில் வாங்கியவை எல்லாம் குளிர்ந்தே வந்தன.
குளிர்ந்ததை உடைக்க எனக்குப் பழகிவிட்டது.
இதைக் கோட்டுப் பைக்குள் போட்டவள்
ஆறட்டும் என்று நினைத்தேனா, மறந்தேனா,
ரயில் ஏறியபின்தான் கை அதன்மேல் இருப்பது தெரிந்தது.

பாரமட்டா, ஏழாவது மாடி.
வரி பாக்கிகளைப் பற்றி யாரோ பேசினார்கள்.
ஒரு பக்கம் சாயாமல் உட்கார்ந்திருந்தேன்
பகல் முழுக்க.
மதியம் தொட்டேன். ஆறவில்லை.
நாலு மணிக்குத் தொட்டேன். ஆறவில்லை.
அதற்குள் அது பிஸ்கட்டின் சூடு இல்லை
என்று புரிந்தபோது
கையை மெதுவாக வெளியே எடுத்தேன்.

வீட்டில் மெய்கண்டன் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.
கோட்டைக் கழற்றாமலே
சமையலறைக்குள் போய்
அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில்
ஒரு கிண்ணத்தில் வைத்தேன்.
"என்ன அது?"
"பிஸ்கட்."
"டாக்டர் வேண்டாம் என்றாரே" என்றார்,
கஞ்சியின் ஆவிக்குள்ளிருந்து,
திரும்பாமல்.