ஆறு பேர்

எனக்குக் கணிதம் தெரியாது.
ஆறு வரை எண்ணத் தெரியும்.
அதற்குத்தான் சம்பளம்.

மிச்சிகனின் வடகோடியில், ஏரியே உறைந்துபோகும் ஊரில்
ஒரு சின்னக் கல்லூரி.
பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாவது ஜன்னல் என்னுடையது.
ஜனவரியின் இரண்டாம் வெள்ளி, மாலை நான்கு மணிக்குள்
ஆறு பேர் சேராத வகுப்பை அழிக்க வேண்டும்.
ஒரே பொத்தான். ‘நிச்சயமாகவா?’ என்று திரை கேட்கும்.
இதுவரை இல்லை என்று சொன்னதில்லை.

முதலாண்டு நுண்கணிதத்துக்கு நாற்காலி போதாது.
மாடி ஏற ஏறக் கூட்டம் உதிரும்.
நானூறுக்கு மேல் எண்ணிட்ட வகுப்புகளில்
காலடிச் சத்தத்தை வைத்தே
வருவது யாரென்று சொல்லிவிடலாம்.
போன வருடம் இடத்தியலை அழித்தேன்.
குலம், வளையம், களம் என்று
சொத்துத் தகராறு போலப் பெயர் வைத்த பாடம்
மயிரிழையில் தப்பியது.

இந்த முறை மெய்ப் பகுப்பாய்வு, இரண்டாம் பாகம்.
ஐந்து பேர்.

மூன்றே காலுக்கு ஔனே லஹ்தெலா இறங்கி வந்தார்.
பேராசிரியர். கெஞ்சவில்லை.
அவர் பூட்ஸிலிருந்து உருகிய பனி
என் தரையில் ஒரு ஏரி போட்டது.
‘எவ்வளவு நெருக்கம் வேண்டுமென்று நீங்கள் சொல்லுங்கள்.
எத்தனை சிறிதானாலும் சரி,
அதற்கும் உள்ளே வந்து காட்டுகிறேன்.
பாடம் முழுக்க இவ்வளவுதான்’ என்றார்.
‘ஐந்து, ஆறுக்கு நெருக்கமில்லை’ என்றேன்.
சிரித்துவிட்டார்.
‘முழு எண்களோடு அதுதான் தொல்லை.’

போகவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை.

மூன்று ஐம்பதுக்கு வெர்ன் ஹியேதலா வந்தான்.
இரவெல்லாம் மாவட்டச் சாலையில்
பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன்.
ஆரஞ்சுச் சட்டை, டீசல் வாசம்,
ஒரே ஒரு பாடத்துக்கான காசோலை, நாலாக மடித்தது.
பழைய பதிவைத் தோண்டினேன்:
பதினொரு வருடத்துக்கு முன், இதே பாடம்,
ஏழாவது வாரத்தில் விலகல்.
‘யாராவது வரச் சொன்னார்களா?’
‘வண்டி ஓட்டும்போது யோசிப்பேன்’ என்றான்.
‘ஏழாவது வாரம், நாலாவது கணக்கு.
இன்னும் முடியவில்லை.’
ஔனே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.
அவன் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை
திரும்பியே நின்றார்.

பிப்ரவரி. காலை எட்டு மணி.
கதவுக் கண்ணாடி வழியே நான் பார்த்தது கொஞ்சம்.
தலைகீழாய் நின்ற ஓர் எழுத்து,
முதுகு காட்டிய இன்னொன்று.
ஹாக்கி அணியின் கோல்கீப்பர் ஜோலீன் கடாட்
பலகைக்கு முன் முழங்கால் மடக்கிக் குனிந்திருந்தாள்,
எந்த மூலையிலிருந்து வருமோ என்பதுபோல.
கடைசி வரிசையில் வெர்ன், வாய் திறந்த தூக்கம்.
யாரும் எழுப்பவில்லை.
பா கௌ வாங் தன் குறிப்பேட்டை
அவன் முழங்கைப் பக்கமாகத் திறந்து வைத்திருந்தாள்.

ஒருநாள் அந்தத் தூக்கத்திலிருந்தே கை தூக்கினான்.
கேள்வி என் காதில் விழவில்லை.
ஔனே சாக்பீஸை வைத்துவிட்டு
உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம்.

மார்ச்சில் மூன்று நாள் புயல்.
கல்லூரிக்குப் பாதை வெட்டித் தந்தவன்
அந்த வாரம் கல்லூரிக்கு வரவில்லை.
வருகை பற்றி என் விதியில் ஒன்றுமில்லை.
தலை எண்ணுவதோடு அது முடிந்துபோகிறது.

மே மாதம் மதிப்பெண் தாள் வந்தது.
ஐந்து பேருக்கு எழுத்து.
ஆறாவது பெயருக்கு எதிரே ‘முற்றுப்பெறவில்லை’.
பிழையென்று தொலைபேசியில் கூப்பிட்டேன்.
‘அவரே கேட்டு வாங்கியது’ என்றார் ஔனே.
‘நாலாவது முடிந்துவிட்டது.
இப்போது ஐந்தாவதில் இருக்கிறார்.’

முற்றுப்பெறாதது ஓராண்டில்
தானாகவே தோல்வியாக மாறும். அதுவும் விதி.
நாட்காட்டியில் தேதியைக் குறித்து வைத்தேன்.
பென்சிலால்.